வண்டியில் மாற்றம் ஏதும் உண்டா?

இல்லை என்று அழுத்தினால் விலை வருகிறது, ஆம் என்று அழுத்தினால் வந்த விலையும் ஓடிப்போகிறது. காலையிலிருந்து சாரதாமணி இதைத்தான் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறாள். சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப், பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போன காப்பி, மேசைக்கடியில் ஸ்டூலின் மேல் நீட்டிப் போட்ட வலது கால், அதில் தொடைவரை ஏறும் இரும்புக் காலிப்பர். உங்கள் வாகனத்தில் மாற்றங்கள் ஏதேனும் செய்யப்பட்டுள்ளனவா. செய்யப்பட்டுள்ளனவாம், என்ன தமிழோ. மனிதர் பேசுகிற மாதிரி கேட்டால் மனிதர் மாதிரி பதில் சொல்லலாம், இப்படிக் கேட்டால் கோர்ட்டில் கூண்டில் ஏற்றி நிறுத்தின மாதிரி இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வட்டம், ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. கல்லூரியில் முதலாமாண்டுப் பெண்களுக்கு இத்தனை வருஷமாக அவள் கணக்கு வகுப்பில் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறாள், ஒரு கூற்று மெய்யாக இருக்கும் அல்லது பொய்யாக இருக்கும், இரண்டுங்கெட்டானாக இருக்காது என்று. சொல்லிக்கொடுத்ததற்கு இன்றைக்கு அனுபவிக்கட்டும். போர்டிகோவில் உறை போர்த்தி நிற்கிறதே அந்த மாதுளை நிறக் கார், அதில் மாற்றம் உண்டா என்றால் உண்டுதான். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர், கியர் தானாக விழுந்துகொள்ளும். இரண்டு வயதில் போலியோ வந்து வலது காலைக் கொண்டுபோனது, நாற்பத்து மூன்று வயதில் ஸ்டீபன் என்கிற மெக்கானிக் அந்தக் காலைக் கம்பியாகச் செய்து திருப்பிக் கொடுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றியாயிற்று. அதனால் இல்லை என்று போட்டால் பொய். பொய் என்றால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, என்றைக்காவது வண்டி எங்கேயாவது இடித்து நிற்கும்போது, அம்மா நீங்கள் இல்லை என்றல்லவா சொன்னீர்கள், போய் வாருங்கள் என்று கதவைச் சாத்துவார்கள். ஆம் என்று போட்டாலோ, எங்கள் பிரதிநிதி உங்களைத் தொடர்புகொள்வார். இன்றைக்கு ராத்திரியோடு பழைய இன்சூரன்ஸ் முடிகிறது. பிரதிநிதி எப்போது தொடர்புகொள்வார், எமன் தொடர்புகொண்ட பிறகா.

தொடர்புகொள்ளாமல் இருந்தால்தான் தேவலை என்றும் இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி முதலில் திறந்த இணையதளத்தில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டாள், அதிலிருந்து போன் ஓயவில்லை. ஒருவன் இந்தியில் ஆரம்பித்தான், இன்னொருவன் எடுத்த எடுப்பில் மேடம் உங்கள் பைக்குக்கு என்றான். ரோஷ்னி என்று ஒரு பெண் மட்டும் சென்னையிலிருந்து நிதானமாகப் பேசினாள். மாடிஃபிகேஷன்னா எந்த மாதிரிங்க மேடம், அலாய் வீலா, கேஸ் கிட்டா. இல்லம்மா, கையால ஓட்டற மாதிரி. எல்லா வண்டியும் கையாலதானே மேடம் ஓட்டறோம். சாரதாமணிக்குச் சிரிப்பும் வந்தது எரிச்சலும் வந்தது, எரிச்சல் முந்திக்கொண்டது, பிரேக்கையும் கையிலேயே பிடிக்கறதும்மா என்றாள். ஹேண்ட் பிரேக்குங்களா, அது கம்பெனிலயே வர்றதுதானே மேடம், அதுக்கு ஒண்ணும் போட வேண்டியதில்ல. கடைசியில், எனக்கு ஒரு கால் வராதும்மா என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு, சாரி மேடம், கேட்டுட்டுக் கூப்பிடறேன் மேடம். ஆயுசு முழுக்க இதுதான். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் கால் வந்து நடுவில் நீட்டிக்கொள்ளும், எதிராளி குரலை இறக்கிக்கொள்வார், பேச வந்த விஷயம் அநாதையாக நிற்கும். அவள் பேச வந்தது விலை. ஒரு கம்பெனி கம்மியாகத்தான் கேட்கிறது, ஆனால் அதில் எதிரே வருகிறவனுக்கு அடிபட்டால் உண்டு, சொந்த வண்டி அப்பளமாக நொறுங்கினாலும் கிடையாது. இன்னொன்று எல்லாவற்றுக்கும் உண்டு என்கிறது, தேய்மானம்கூடக் கழிக்க மாட்டோம் என்கிறது, விலையைப் பார்த்தால் அந்தப் பணத்தில் வருஷம் பூராவும் டாக்சியில் போகலாம். மூன்றாவது, வண்டிக்கு உண்டு, வண்டியோடு வராத பொருளுக்குக் கிடையாது என்கிறது, அப்படியென்றால் கம்பி ஒடிந்தால் சொந்தச் செலவு. நான்காவதில், இந்த மாதிரி வண்டிகளுக்குச் சலுகைகூட உண்டு மேடம், ஆனா கிளைக்கு நேர்ல வரணும் மேடம், ஞாயித்துக்கிழம கிளை இருக்காது மேடம். ஐந்தாவதில் ஆம் என்று அழுத்தினால் ஒரு பட்டியல் விரிகிறது, பெயிண்ட் மாற்றம், இன்ஜின் மாற்றம், பாட்டுப் பெட்டி, கூரை ஜன்னல், எல்லாம் முடிந்து அடியில் மற்றவை. சாரதாமணி அந்த மற்றவையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். காரில் பின்பக்கம் ரெக்கை வைத்துக்கொள்கிறவனுக்குப் பட்டியலில் தனி இடம் இருக்கிறது. அவளை அடியில் தள்ளிவிட்டார்கள். லேப்டாப்பில் ஐந்து ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று தாவித் தாவி எந்த விலை எந்தக் கம்பெனி என்பதே குழம்பிப் போயிற்று. வெளியே போர்டிகோவில் ணங் என்று ஒரு சத்தம் கேட்டது, ஏதோ இரும்பு தரையில் விழுந்த மாதிரி. கணவர் சென்னியப்பன் வண்டி கழுவுகிறார் போல, வாளியைத் தட்டிவிட்டிருப்பார்.

அடுத்த கேள்விதான் இன்னும் மோசம். வருடத்திற்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். ஓட்டுகிற அளவுக்கு மட்டும் கட்டினால் போதும், குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு நல்லதுதானே மேடம் என்று ஆசை காட்டி ஒரு திட்டம், அதிலே ஆகக் குறைந்த அளவே இரண்டாயிரத்து ஐந்நூறு. இந்த ஒரு வருஷமாக அவளுடைய வண்டி ஓடினது இருநூறுகூட வராது. அதிலும் பாதி சென்னியப்பன் சர்வீசுக்கு எடுத்துக்கொண்டு போனது. ஓடாத வண்டிக்கு என்ன கவர், யார் மேல் இடிக்கப் போகிறது, போர்டிகோத் தூண் மேலா. விளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சலம் எதுக்கு மணி, குடுத்துட்டுப் போ என்று அவளுடைய அண்ணன் சொன்னார், குடுத்துட்டு என்றால் விற்றுவிட்டு. அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் ஏன் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் ஓடவில்லை என்றால் சென்னியப்பன் ஓட்ட விடுவதில்லை. அப்படித்தான் கல்லூரியில் சொல்லி வைத்திருக்கிறாள், புனாவில் படிக்கிற மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் தினமும் காலையில் தன்னுடைய பெரிய வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், பை, சாப்பாட்டுக் கூடை, குடை எல்லாம் முன்னாலேயே உள்ளே போயிருக்கும், அவள் மட்டும்தான் பாக்கி. அவள் ஏறி உட்கார்ந்ததும் காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார், தங்கமான மனுஷன், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அப்பாவின் சைக்கிள் கேரியரில், அண்ணன் ஸ்கூட்டரில், கல்லூரிப் பஸ்ஸில், பிறகு இவருடைய வண்டியில், பிறந்ததிலிருந்து யாராலாவது கொண்டுபோய் விடப்பட்டு யாராலாவது எடுத்துக்கொண்டு வரப்பட்டவள் அவள், தபால் மாதிரி. நடுவில் ஐந்து வருஷம்தான் தானாகப் போய்த் தானாக வந்தது. இப்போது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மாதிரி வாசலில் சொந்தக் காரை நிறுத்திவிட்டு இன்னொரு காரில் ஏறிப் போகிறாள். குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. மூன்றாவதுக்கு எழுந்திருக்க வேண்டும், எழுந்திருப்பதற்கு முன்னால் காலிப்பரின் முட்டியில் லாக் போட வேண்டும், இல்லை இரண்டே போதும் பருப்பு வெந்துவிடும், வேகாவிட்டால் போகட்டும். ஆறாவது ஜன்னலைத் திறந்தாள். உங்கள் வாகனத்தில் மாற்றங்கள் ஏதேனும்.

காலையில் அவர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஏம்மணி, இன்னும் முடியலியா, அதென்ன கம்பசூத்திரமா என்றார். அவள் இரண்டு வட்டத்தையும் அழுத்திக் காட்டினாள். இல்லைன்னா இந்த வெல, ஆமான்னா வெலயே சொல்ல மாட்டேங்கறானுங்க, அந்தக் கம்பி ஒண்ணு இல்லாட்டி எனக்கு இந்தத் தலவலியே இல்லீங்க, எப்பவோ இல்லைன்னு போட்டுட்டு எந்திரிச்சிருப்பேன் என்றாள். ஓ என்றார். அந்த ஓ-வோடு காப்பியைக் குடித்துவிட்டு, பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, வெளியே போனார். போனது நல்லது, இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். இந்த மனுஷரோடு ஒரு சங்கடம் உண்டு, மனசு தாளாமல் எதையாவது சொல்லிப் புலம்பவும் கூடாது. புலம்புகிறவளுக்குப் புலம்பினால் தீர்ந்தது, அவருக்கு அப்படியில்லை, அங்கிருந்துதான் வேலை ஆரம்பம். நாலு வருஷத்துக்கு முன்னால் வாசலில் ஒரு முருங்கை நின்றது. கம்பளிப்பூச்சி ஏறிச் சுவரெல்லாம் அப்பிக்கொண்ட ஒரு காலையில், இந்த மரத்தோட பெரிய ரோதனையாப் போச்சு என்று சொன்னாள், யாரும் சொல்வதுதானே. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் மரம் இல்லை. அடிக்கட்டைகூட இல்லை, மண்ணை நிரவித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், பரிசு வாங்க வந்தவர் மாதிரி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அவளுக்கு அந்த முருங்கைப் பூ பிடிக்கும் என்று அவரிடம் அவள் சொன்னதே இல்லை என்பதும் உண்மைதான். குறையை உரக்கச் சொல்கிறோம், பிடித்ததைச் சொல்வதே இல்லை. காலிங் பெல் கதையும் அதேதான், செவிட்டில் அறைகிற மாதிரி அடிக்கிறது என்றாள், அதற்கப்புறம் ஒரு வாரம் வந்த கூரியர்க்காரர்கள் எல்லாரும் பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுபடியும் வெளியே ணங். இத்தனை நேரமாகவா ஒரு வண்டியைக் கழுவுவார்கள். கழுவட்டும், ஓடாத வண்டி பளபளவென்று நிற்கட்டும்.

எத்தனை கிலோமீட்டர். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், கல்லூரிக்குப் போக வர, கல்யாணம் காட்சி, ஆலாந்துறை. ஆலாந்துறை என்று மனசில் வந்ததும் விரல் நின்றுவிட்டது. கம்பி மாட்டின புதிதில், ஒரு சனிக்கிழமை அரை நாளோடு கல்லூரி விட்டதும், வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனாள். எங்கே என்று தெரியாது. பேரூர் போயிற்று, ஆலாந்துறை போயிற்று, அதற்கப்புறம் மலை கிட்டத்தில் வந்து நின்றுகொண்டது, மழை பெய்து ஓய்ந்து பாறையெல்லாம் கறுப்பாக. ரோட்டோரம் ஒரு டீக்கடை. இறங்கவில்லை, ஹாரனை ஒரு தடவை தொட்டாள். ஒரு பொம்பளை டம்ளரோடு வந்து ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்து, ஏனுங்கக்கா, ஒத்தையிலயா வந்தீங்க என்று கேட்டாள். ஆமா. அந்த ஆமாவைச் சொன்ன வாய் இன்னும் நினைவிருக்கிறது, டீயில் இஞ்சி காரமாக இருந்தது. பஜ்ஜியும் கேட்டு வாங்கித் தின்றாள், பழைய எண்ணெய், அடுத்த நாள் வயிறு சரியில்லை, அதைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை. அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று அந்த டீக்கடைப் பொம்பளையைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. அதுவரைக்கும் அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவளைக் கொண்டுபோய் விட்டவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது. திரும்பி வந்ததும் அவர், ஏன் மணி லேட்டு என்றார், காலேஜ்ல வேலைங்க என்றாள், அந்தப் பொய் வெல்லக்கட்டி மாதிரி வாயில் கிடந்தது. அந்த மாதிரி எத்தனை சனிக்கிழமை போயிருப்பாள், நிறைய. பிறகு லாலி ரோடு சிக்னல் வந்தது. போன வருஷம், தூறல், சாயங்கால நேரம், சிக்னல் பச்சை விழுந்தது, பின்னால் பஸ் ஹாரன், இழுக்க வேண்டிய கையால் தள்ளிவிட்டாள். தள்ளினால் பிரேக், வண்டி நகரவில்லை, நகரவில்லை என்பதால் இன்னும் அழுத்தித் தள்ளினாள். உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்கியது. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பைக்கில் ஒருத்தன் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினான், முகத்தில் அத்தனை கோபம், திட்டத்தான் வந்தான். குனிந்து பார்த்தான், கம்பியைப் பார்த்தான், காலிப்பரைப் பார்த்தான், கோபம் வடிந்து போயிற்று. பரவால்லீங்கக்கா, மெதுவாப் போங்க, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் பைக்கை ஸ்டாண்ட் போட்டு இறங்கி, நடு ரோட்டில் நின்று, இரண்டு கையையும் நீட்டி அவளுக்காக அத்தனை வண்டியையும் நிறுத்தினான். லாலி ரோடே நின்று வேடிக்கை பார்த்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள், மறுநாள் அதே சிக்னலில் முறுக்கிக்கொண்டு போயிருப்பாள். அந்த நல்லவன், பேர்கூடத் தெரியாது, நன்றாக இருக்கட்டும், அவன்தான் அவளை வீட்டில் உட்கார வைத்தான். அன்றைக்கு ராத்திரி சென்னியப்பன், மழைக்காலமா இருக்குது, நாளைக்கு நான் கொண்டுபோய் விடட்டுமா என்றார். சரி என்றாள். மழைக்காலம் போயிற்று, சரி போகவில்லை. அவர் விடுவதில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது, கேட்டவர்களும் நம்பினார்கள், அவளுக்கு ஐயோ பாவம் சொல்லி அவரைப் பழித்தார்கள். அவர் விடுவதில்லையா, அவள் கேட்டாளா. இந்தக் கேள்விக்கும் இரண்டு வட்டம்தான். இதை எந்தக் கம்பெனிக்காரன் கேட்டான், லேப்டாப்பை மூடிவிடலாம் என்று கை போயிற்று. மூடினால் நாளைக்கு இன்சூரன்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்றால் எடுக்க வேண்டியதில்லை. அதற்கப்புறம் ஆறு மாசத்தில் அண்ணன் சொன்ன மாதிரி ஆகிவிடும், ஒருவர் மேலும் பழி வராது. எவ்வளவு சௌகரியம். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது, ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள், ஆடை தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. மறுபடியும் பைக் இன்சூரன்ஸ்காரன் என்றுதான் எடுத்தாள், ரோஷ்னி. மேடம், மேனேஜர்கிட்ட கேட்டேன், ஆர்.சி.ல ஏறியிருந்தா பிரச்சினையே இல்லைங்களாம், ஆமான்னே போடலாம், வண்டிக்கும் கவர், அந்தக் கை லிவருக்குத் தனியா மதிப்புப் போட்டு அதுக்கும் கவர், நீங்க பயந்த அளவுக்கு விலையும் ஏறலை மேடம். சாரதாமணி எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டாள், ரோஷ்னி சொன்னாள், அட இவ்வளவுதானா. ஒண்ணே ஒண்ணு மேடம், அந்த லிவர் வண்டில மாட்டியிருக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும், இப்பவே அனுப்பினீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள பாலிசி வந்துடும். இவ்வளவு நேரம் முட்டி மோதின கதவு இப்படித் தானாகத் திறந்துகொண்டால் மனுஷிக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும். சரிம்மா என்று சொன்ன குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. விலை ஒரு சாக்கு, அதுவும் போயிற்று. முட்டியில் லாக் போட்டு, மேசையைப் பிடித்து எழுந்து, போனை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, போகிற வழியில் அடுப்பை அணைத்துவிட்டு, குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, வாசலுக்கு வந்தாள். படி இறங்கும்போது எப்போதும் பிடிக்கிற சுவரில் எப்போதும் பிடிக்கிற இடம், அங்கே மட்டும் சுண்ணாம்பு கறுத்திருக்கிறது.

உறையை மடித்துச் சுவரோரம் வைத்திருந்தார். ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து எதையோ மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், வழுக்கையில் கிரீஸ் கோடு. முன்னால் தரையில் பழைய குளியல் துண்டு, துண்டின் மேல் கம்பி, அதோடு வருகிற இரண்டு தண்டுகள், போல்ட், நட்டு, வாஷர், சின்னது முதல் பெரியது வரை வரிசையாக. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முருங்கை நாளின் அதே நிற்பு. "முடிஞ்சுது மணி. இனி தைரியமா இல்லைன்னே போட்டுக்கோ," என்றார். சாரதாமணி துண்டைப் பார்த்தாள். முதலில் வந்தது நிம்மதி. மூச்சு தானாக வெளியே போயிற்று, தோள் தளர்ந்தது, கம்பி இல்லை, அப்படியென்றால் இனி ஓட்ட முடியாது, அவளால் அல்ல, வண்டியால். அந்த நிம்மதி எவ்வளவு இதமாக இருந்ததோ அவ்வளவு பயமாக இருந்தது, லாலி ரோட்டில்கூட அப்படிப் பயந்ததில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார், ஸ்டீபன் ரொம்ப இறுக்கமாப் போட்டிருக்கறான், பத்தாம் நம்பர் ஸ்பேனர் வழுக்கி ரெண்டு தடவ கீழ விழுந்துருச்சு, எண்ணெய் போட்டுச் சுத்திப் பரண்ல வெச்சர்றேன், துருவே புடிக்காது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள், காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். சீட்டு அவருடைய காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளியிருந்தது, ஸ்டீயரிங் எங்கேயோ எட்டாக் கையில் இருந்தது. பழக்கத்தில் இடது கை போயிற்று. அது போன இடத்தில் ஒன்றும் இல்லை. கை வெறும் காற்றைத் தள்ளிவிட்டு அப்படியே நின்றது, தான் என்ன செய்ய வந்தோம் என்று அதற்கே மறந்துபோன மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று பார்க்காமல் வந்தது.

"மறுபடி எப்ப மாட்டறது?" என்று கேட்டாள்.

"வேணுங்கறப்ப மாட்டிக்கலாம்," என்றார் அவர்.

"இப்ப வேணும்."

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "ஏம்மணி, நீதான சொன்னே, அந்தக் கம்பி இல்லாட்டித் தலவலியே இல்லைன்னு."

"சொன்னேன். மரத்தையும் நான்தானுங்க சொன்னேன்."

சென்னியப்பனின் கண் தானாக வாசல் மண்ணுக்குப் போயிற்று, மரம் நின்ற இடத்துக்கு. அங்கே இப்போது ஒரு செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள், முருங்கைப் பூவை, பைக்குக்காரனை, சரி என்று சொன்னதை, எல்லாவற்றையும். "எனக்கு ஓட்டப் பயமா இருக்குதுங்க," என்று மட்டும் வந்தது. "ஒரு வருஷமா பயந்துக்கிட்டு உங்க மேல பழியப் போட்டுட்டு இருக்கறேன். நீங்க கழட்டிட்டீங்கன்னா அது நெசமாயிரும்." அவர் துணியைக் கீழே போட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டிலிருந்து முதல் தண்டை எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தார்.

கழற்றுகிறவனுக்குக் கைப்பலம் போதும், மாட்டுகிறவனுக்கு அப்படியில்லை. சாரதாமணி சீட்டை விட்டு இறங்கவில்லை, போனில் வெளிச்சத்தைப் போட்டு அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கால் இரண்டும் போர்டிகோவில் நீட்டிக்கொண்டிருந்தன. இது முன்னாடியா அது முன்னாடியா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, சின்ன வாஷர் முன்னாடிங்க என்றாள், ஸ்டீபன் மாட்டினபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். ஒரு நட்டு உருண்டு சீட்டுக்கடியில் போயிற்று, இரண்டு பேரும் தேடினார்கள். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. போன் கை வலித்தது, மாற்றிப் பிடித்தாள். என்றைக்கு ஓட்டுவாள், நாளைக்கா, நாளைக்குத் திங்கட்கிழமை, கூட்டம், லாலி ரோடு வேண்டாம், சுற்றிக்கொண்டு வடவள்ளி வழியாகப் போகலாம், இல்லை அது என்ன சுற்றிக்கொண்டு, ஓட்டினால் லாலி ரோட்டிலேயேதான் ஓட்ட வேண்டும், அந்தப் பைக்குக்காரன் இன்றைக்கும் அங்கேயே கை நீட்டிக்கொண்டா நிற்கப்போகிறான். பயம் போகவில்லை, பின் சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தள்ளிப் பாரு என்றார். தள்ளினாள், ஆ என்று ஒரு சின்னச் சத்தம், அவருடைய விரல் பிரேக்குக்கடியில் இருந்திருக்கிறது. எடுத்துட்டேன், இப்பத் தள்ளு. கம்பி உள்ளங்கையை எதிர்த்து அழுத்தியது, பழைய கனம், பழைய இடம். சிலீரென்று இருந்தது. அவள் போட்டோ எடுத்தாள், முதல் போட்டோவில் அவருடைய வழுக்கையும் கிரீஸ் கோடும் விழுந்துவிட்டன, தலையை எடுங்க என்று சொல்லி இன்னொன்று எடுத்து ரோஷ்னிக்கு அனுப்பினாள். பாலிசிக்கான பக்கம் போனிலேயே வந்தது, அதே கோர்ட்டுத் தமிழ். மாற்றங்கள் ஏதேனும் செய்யப்பட்டுள்ளனவா. ஆம் என்று அழுத்தினாள். எத்தனை கிலோமீட்டர் என்றது, இரண்டாயிரத்து ஐந்நூறில் விரலை வைத்தவள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அவர் எழுந்து வெளியே வந்து, அடிபட்ட விரலை உதறிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் போனை எட்டிப் பார்த்தார். "அஞ்சாயிரமா? ஏம்மணி, இந்த ஊருக்குள்ள அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓட்டறதுன்னா, எங்க போகப்போற?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் சாரதாமணி.

அவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, சீட்டுக்கடியில் கைவிட்டு, அவளோடு சேர்த்துச் சீட்டை முன்னால் நகர்த்தினார்.